கூகைக்குப் பதில் சொன்னவள்

கோட்டை கட்டி ஆண்ட மன்னர்களின் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். கடல் கடந்து பொருள் தேடிய வணிகர்களின் கதைகளையும் கேட்டிருப்பீர்கள். இது அவர்கள் சோறு பொங்கித் தின்ற பானைக்கு மண் பிசைந்தவர்களின் கதை. சிறியவர்கள் நெருங்கி உட்காருங்கள். பெரியவர்கள் சற்றே பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னே, ஓர் ஆற்றங்கரையில் குயவர் தெரு ஒன்று இருந்தது. தெருவின் ஒரு முனையில் ஆறு. மறு முனையில் சூளை. ஆற்றில் வெட்டிய களிமண் சூளையில் போய் வேகும். இடையிலிருந்த வீடுகளில் மனிதர்கள் வாழ்ந்தார்கள்.

அந்தத் தெருவார் வெள்ளத்துக்கு அஞ்சினார்கள். தீக்கு அஞ்சினார்கள். ஆனால் வெள்ளத்தையும் தீயையும்விடக் கூகைக்கு அஞ்சினார்கள்.

கூகையை நீங்கள் அறிவீர்கள். பகலெல்லாம் உறங்கி அந்தியில் பறக்கும் வெண்முக ஆந்தை. தெருவார் அதன் பெயரையே வாயால் சொல்லமாட்டார்கள், 'அது' என்பார்கள். அது முதலில் தன் குரலில் அலறுமாம். அலறி ஓய்ந்ததும், நமக்கு வேண்டியவர் ஒருவரின் குரலை எடுத்துக்கொண்டு நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். ஏமாந்து பதில் சொன்னால், அந்த வீட்டில் ஓர் உயிரைக் கொண்டுபோய்விடுமாம்.

ஆகையால் அவர்கள் மூன்று விதிகளை வைத்திருந்தார்கள். அது அலறினால் கதவைச் சாத்து. சாத்தியபின் மூச்சுக் காட்டாதே. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே.

பேராச்சி அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் இந்த விதிகள் அவளுக்குத் தெரியா. முதல் பிள்ளை மடியில் கிடந்த நாளில், ஓர் அந்திப்பொழுதில், அது அலறியது. சற்றைக்கெல்லாம் கொல்லையில் யாரோ தன் பெயரைச் சொல்வதுபோல் அவளுக்குக் கேட்டது. "இதோ வந்தேன்" என்று எழுந்து போனாள். கொல்லையில் வேலி இருந்தது, வேலியின் நிழல் இருந்தது. ஆள் எவரும் இல்லை. அந்த மாதம் முடியுமுன் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான்.

தெரு அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏசி ஆறியிருப்பாள். "பாவம், தெரியாமல் பதில் சொல்லிவிட்டாய்" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. தன் வாயே தன் பிள்ளையைத் தின்றது என்று அவள் நம்பினாள்.

பிறகு ஒரு பெண் பிறந்தாள். தும்பை என்று பெயர். குழந்தைக்குப் பேச்சு வந்தவுடன் பேராச்சி நிலாப்பாட்டைக் கற்றுத்தரவில்லை. மூன்று விதிகளைக் கற்றுத்தந்தாள். நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் பாடம் நடக்கும்.

"அது அலறினால்?"

"கதவைச் சாத்தணும்."

"சாத்திவிட்டு?"

"மூச்சுக் காட்டக் கூடாது."

"நானே வந்து கூப்பிட்டால்?"

"நீ கூப்பிட்டாலும் பேசக் கூடாது. அது நீ இல்லை."

ஒருநாள் குழந்தை கேட்டாள்: "அம்மா, அது மெய்யாகவே நீயாக இருந்தால்?"

"பேசக் கூடாது என்றால் பேசக் கூடாது" என்றாள் பேராச்சி. பாடம் அத்தோடு முடிந்தது.

அவள் கணவன் கொற்றன் சிரித்த முகத்துக்காரன். அவர்கள் வீடு தெருவின் கோடியில், சூளையை ஒட்டி இருந்தது. கழுத்தில் விரிசல் விட்ட ஒரு குடத்தைக் கொல்லைப் புங்கமரத்தின் கவையில் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டியிருந்தான். மைனா வந்து குடியிருக்கட்டும் என்பது அவன் ஆசை. மைனா வரவில்லை. தை பிறந்தபோது அதில் குடியேறியது ஒரு கூகை இணை.

பேராச்சி அதைக் கண்டாள். "உடைத்துப் போடுங்கள். இன்றைக்கே உடைத்துப் போடுங்கள்" என்றாள்.

"உயிர் இருக்கிற பாண்டத்தில் குயவன் கை வைப்பதில்லை, பேராச்சி. அவை தாமாகப் பறந்து போகட்டும். போனபின் நானே உடைக்கிறேன்."

செய்தி தெருவெங்கும் பரவிற்று. பக்கத்து வீட்டு உலகி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன மதினி, எமனுக்கே வீடு கட்டிக் குடிவைத்துவிட்டீர்களாமே. கிரகப்பிரவேசத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லையே?"

"உன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு, உலகி."

"நான் சும்மாதான் இருக்கிறேன். அது சும்மா இருக்கவேண்டுமே."

அது சும்மா இருக்கவில்லை. குடத்துக்குள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. தாய்ப்பறவை அந்திதோறும் எலியைக் கவ்விக்கொண்டு வந்து கிளையில் அமர்ந்து அலறும். குடத்துக்குள்ளிருந்து உஸ்ஸென்று சீறல் எழும். அலறலுக்கு ஒரு சீறல். மறு அலறலுக்கு மறு சீறல். பேராச்சி கதவைச் சாத்தி, குழந்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவின் இடுக்கில் கண்ணை வைத்திருப்பாள். பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்க அதைவிடப் பயம். அவள் கைக்குக் கீழே புகுந்து குழந்தையும் பார்ப்பாள். தாய் பயத்தால் பார்த்தாள். மகள் ஆசையால் பார்த்தாள்.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. ஓர் அந்தியில் முதல் குஞ்சு குடத்தின் விளிம்புக்கு வந்தது. தலையை இப்படியும் அப்படியும் உருட்டியது. சிறகை விரித்துப் பார்த்தது; மடக்கியது; மறுபடி விரித்தது. பிறகு ஓசை ஏதும் இல்லாமல் காற்றில் இறங்கி, ஆற்றங்கரைப் பனைக்குப் போய்ச் சேர்ந்தது.

மறு அந்தியில் இரண்டாவது குஞ்சு கிளம்பியது. அது கால் தவறிக் கிளையில் மோதி, ஒற்றைக் காலால் தொங்கி, படபடவென்று அடித்துக்கொண்டது. பேராச்சி தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் ஒருவாறு நிமிர்ந்து பறந்து பனைக்குப் போயிற்று.

மூன்றாவது எல்லாவற்றிலும் சிறியது. விளிம்புக்கு வரும், கீழே எட்டிப் பார்க்கும், உள்ளே ஓடிவிடும். மறுபடி வரும், மறுபடி ஓடும்.

"அம்மா, அதற்கு உன்னைப் போலவே பயம்" என்று குழந்தை காதோடு சொன்னாள். "நான் கையில் பிடித்துக்கொண்டால் பயப்படாது."

"தொட்டாயானால் கையை ஒடித்துவிடுவேன்" என்றாள் பேராச்சி.

இப்படி இருக்கையில் சூளை வைக்கும் நாள் வந்தது. மழைக்கு முன் நாட்டுத் தலைவனின் களஞ்சியத்துக்கு நெல் கொட்டும் தாழிகள் வேண்டியிருந்தன. தெரு முழுவதும் ஒன்றுகூடி வனைந்த தாழிகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை குந்தியிருக்கும் அளவு பெரியது.

அவர்களுடைய சூளை ஒரு சிறு வீடுபோல் இருக்கும். சுற்றிலும் வட்டமான மண்சுவர். அடியில் தீ மூட்டும் வாய். பக்கத்தில் ஆள் குனிந்து நுழையும் ஒரு வழி. அதன் வழியாகப் பாண்டங்களைக் கொண்டுபோய் அடுக்குவார்கள். அடுக்கி முடித்து, மேலே வைக்கோல் பரப்பி, களிமண் மெழுகி, கடைசியில் அந்த வழியையும் ஓட்டுத் துண்டும் சேறும் வைத்து அடைத்துவிடுவார்கள். தீ வைத்தபின் அதைத் திறப்பதில்லை. திறந்தால் குளிர்காற்றுப் புகுந்து பாண்டங்கள் வெடிக்கும்; சூளைக் காளியும் கோபிப்பாள் என்பது நம்பிக்கை.

அன்று விடியலில் தொடங்கிய வேலை மாலைவரை நடந்தது. பெண்கள் சுமந்தார்கள், ஆண்கள் அடுக்கினார்கள், குழந்தைகள் கால் ஓயுமட்டும் இடையே ஓடினார்கள். வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் காளியின் கல்லுக்கு முன் கூடிக் கும்பிட்டார்கள். கும்பிட்டு வந்து வழியை அடைத்தார்கள். தெருக் குயவர்களில் முதியவரான மூத்த வேளார் தம் கையால் சூளையின் அடியில் முதல் தீயை வைத்தார்.

முதல் தீ பெருந்தீ அல்ல. பச்சை மண்ணின் ஈரத்தை வாங்குவதற்காக, ஈர வைக்கோலைப் போட்டு மெல்லப் புகையவிடும் சிறு தீ. அது வெகுநேரம் புகையும். அதன்பிறகே விறகைத் தள்ளுவார்கள்.

பேராச்சி நிமிர்ந்து தன் கொல்லையைப் பார்த்தாள். புங்கமரத்துக் குடத்தின் வாயில் எதுவும் இல்லை. மூன்றாவதும் போய்விட்டது. விட்டது சனியன் என்று அவள் நெஞ்சு ஆறியது. இனிக் குடத்தை உடைத்துவிடலாம்.

அந்த ஆறுதல் அரை நொடிகூட நிலைக்கவில்லை. தாய்க்கூகை வந்தது. அது மரத்துக்குப் போகவில்லை. நேரே சூளைச் சுவரின்மேல் வந்து அமர்ந்தது. காலில் எலி தொங்கியது. வெண்முகத்தைத் திருப்பித் தெருவாரைப் பார்த்து அலறியது.

கூட்டம் சிதறியது. படார் படார் என்று கதவுகள் சாத்திக்கொண்டன. மூத்த வேளாரும் சூளை காக்கும் ஆண்கள் சிலரும் மட்டும் நின்றார்கள். தீயை விட்டுப் போகலாகாதே. அவர்களும் தலைத்துண்டால் காதைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

பேராச்சி குழந்தையைத் தேடினாள். வீட்டில் இல்லை. உலகியின் கதவைத் தட்டினாள். "மதினியோடு இருக்கிறாள் என்றல்லவா நினைத்தேன்" என்று கதவுக்குப் பின்னிருந்து குரல் வந்தது. பேராச்சியோ, உலகியின் பிள்ளைகளோடு இருக்கிறாள் என்று நினைத்திருந்தாள். கொற்றன் ஆற்றுப்பக்கம் தேடி ஓடினான்.

கூப்பிட வேண்டும். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? அது அலறிக்கொண்டிருக்கும்போது குழந்தையின் பெயரைச் சொன்னால், அந்தப் பெயரை அதற்குக் கொடுத்ததாகாதா? ஒரு பிள்ளையை இந்த வாயால் இழந்தவள் அவள்.

கூகை அலறி ஓய்ந்தது. அந்த இடைவெளியில் கூப்பிட்டாள்: "தும்பை."

பதில் இல்லை.

கூகை மறுபடி அலறியது. அப்போது அவள் அதைக் கேட்டாள். அலறலுக்குப் பதிலாக உஸ்ஸென்று ஒரு சீறல். மரத்திலிருந்து அல்ல, பனையிலிருந்து அல்ல. சூளையின் மண்சுவருக்குப் பின்னாலிருந்து.

கதவிடுக்கில் கண் வைத்துக் காத்திருந்த அந்திகளெல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. தாய் அலறும், குஞ்சு சீறும். மூன்றாவது குஞ்சு பறக்கவில்லை. தவறி விழுந்து, தத்தித் தத்தி, இருட்டான வழியைக் கண்டு குடத்தின் வாயென்று எண்ணிச் சூளைக்குள் புகுந்திருக்கிறது. எல்லோரும் காளியைக் கும்பிடப் போனபோது அந்த வழி திறந்தே கிடந்ததே. குஞ்சு போன இடத்துக்குத் தும்பை போகாமல் இருப்பாளா?

அவள் ஓடிப்போய் அடைத்த வழியை நகத்தால் பிறாண்டினாள். ஆண்கள் பிடித்து இழுத்தார்கள்.

"என் மகள் உள்ளே இருக்கிறாள் மாமா" என்று மூத்த வேளாரிடம் கதறினாள். "குஞ்சின் குரல் கேட்கிறது. அவளும் கூட இருக்கிறாள். இடியுங்கள்."

கிழவர் காதுத்துண்டை அவிழ்த்தார். அவர் கொடியவர் அல்லர். ஆனால் தெருவின் ஒரு பருவத்து உழைப்பு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "ஈர மண் தீயில் சீறும் அம்மாடி. நான் கேட்காததா? கொற்றன் ஆற்றங்கரையில் தேடுகிறானே, அங்கே இருப்பாள். உள்ளே இருந்தால் இந்தப் புகைக்கு அழாமல் இருப்பாளா? கூப்பிட்டுப் பார். ஒரு குரல் வரட்டும், நானே இடிக்கிறேன்."

கூகை அலறியது. அது ஓயும்வரை காத்திருந்து அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை.

கூகை அலறியது. ஓய்ந்தபின் மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. அடைத்த வழியின் ஓரத்தில் புகை கசியத் தொடங்கியது.

"பார்த்தாயா" என்றார் கிழவர், வருத்தத்தோடு.

அப்போதுதான் பேராச்சிக்கு விளங்கிற்று. குழந்தை பேசமாட்டாள். உயிரே போனாலும் பேசமாட்டாள். 'நானே வந்து கூப்பிட்டால்?' 'நீ கூப்பிட்டாலும் பேசக் கூடாது. அது நீ இல்லை.' நாள் தவறாமல் சொல்லிக்கொடுத்த பாடம். குழந்தை ஓர் எழுத்துப் பிசகாமல் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

கண் தெரியாத இருட்டில் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்? முதலில் அலறல். அலறல் ஓய்ந்ததும் அம்மாவின் குரல். மறுபடி அலறல், மறுபடி அம்மாவின் குரல். விதியில் சொன்னபடியே அல்லவா அது கூப்பிடுகிறது? பயந்து பயந்து, அலறலின் இடைவெளி பார்த்துக் கூப்பிட்டதால், தாயின் குரலே கூகையின் குரலாகிவிட்டது.

இனி ஒரே வழிதான் இருந்தது. அது அலறும்போதே, அந்த அலறலின் மேலேயே, வாயைத் திறக்க வேண்டும். இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டால்தான், இரண்டும் வேறு என்று குழந்தைக்குத் தெரியும். ஆனால் அப்படி வாய் திறந்தால் அது ஓர் உயிரைக் கொண்டுபோகும் என்பது ஊரறிந்த செய்தி.

பேராச்சி பிடித்திருந்த கைகளை உதறினாள். சூளைச் சுவருக்கு அருகில் போய், கூகைக்கு நேரெதிரே முகத்தை உயர்த்தி நின்றாள். அதன் கண்கள் கறுத்த கிணறுகள்போல் இருந்தன. அவள் சேலையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

கூகை வாயைத் திறந்து அலறியது. அந்த அலறலின் மேலேயே அவள் கத்தினாள்:

"இதோ வந்தேன். பேராச்சி வந்தேன். கொண்டுபோவதானால் என்னைக் கொண்டுபோ."

கதவுகளுக்குப் பின்னால் பெண்கள் வாயில் அறைந்துகொண்டார்கள். "ஐயோ மதினி, வேண்டாம்" என்றாள் உலகி.

கூகை மீண்டும் அலறியது, நிறுத்தவேயில்லை. அவளும் நிறுத்தவில்லை. "தும்பை, அம்மா பதில் சொல்லிவிட்டேன். கேட்கிறதா? அதுவும் கத்துகிறது, நானும் கத்துகிறேன். விதி போய்விட்டது. நீ பேசலாம், கண்ணே."

கூகை ஓய்ந்தது. அவளும் ஓய்ந்தாள். தீ வைக்கோலைக் கடிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

மண்சுவருக்குப் பின்னாலிருந்து, இருமலோடு, மிக மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"அம்மா, அப்படியென்றால் இருமலாமா?"

கடப்பாரையை முதலில் எடுத்தவர் மூத்த வேளார்தான். மற்றவர்கள் எரியும் வைக்கோலைக் கையாலும் காலாலும் இழுத்துப் போட்டார்கள். சேறும் ஓடும் சரிந்தன; புகை குபுகுபுவென்று வெளியேறியது. கொற்றன் ஆற்றிலிருந்து ஓடிவந்தபோது, கிழவர் வழிக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஒரு தாழியின் வாயிலிருந்து குழந்தையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. பாவாடையைச் சுருட்டி மார்போடு அணைத்திருந்தாள். அதற்குள் மூன்றாவது குஞ்சு.

பேராச்சி அவளை வாரி எடுத்தாள். குழந்தை இருமி இருமிச் சொன்னாள்: "குஞ்சைப் பிடிக்கப் போனேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, தூங்கிவிட்டேன். விழித்தால் இருட்டு. அது அலறியது. கதவு தானாகவே சாத்தியிருந்தது அம்மா. மற்ற இரண்டையும் நான் செய்தேன்."

பேராச்சி அவள் முகத்துக் கரியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மூத்த வேளார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாவாடையின் மடிப்பிலிருந்து குஞ்சு நழுவியது. இடிந்த சுவரின்மேல் தத்தி ஏறியது. தாய் எலியைக் கொடுத்தது, குஞ்சு விழுங்கிற்று. பிறகு சிறகை விரித்தது. இம்முறை மடக்கவில்லை. தாயின் பின்னாலேயே, தெருவார் அனைவரின் தலைக்கும் மேலாக, சத்தமின்றிப் பனைக்குப் பறந்து போயிற்று. வெளியே வந்து அதைப் பார்க்கத் துணிந்தவர்கள் சிலர். அவர்களுள் ஒருத்தி உலகி.

பாதித் தாழிகள் அன்று வெடித்துப் போயின. எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் பேராச்சியின் அச்சம் அன்றோடு தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். பதில் சொன்னதற்கு அது ஓர் உயிரைக் கொண்டுபோகுமே என்று அவள் காத்திருந்தாள். அந்தியில் படுக்கும்போது குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் படுப்பாள்; விடிந்ததும் தன் கையைத் தானே கிள்ளிப் பார்ப்பாள். அந்த மாதம் போயிற்று. மழைக்காலம் வந்தது, போயிற்று. அவளும் சாகவில்லை, வீட்டில் எவரும் சாகவில்லை.

ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவனைக் கொன்றது காய்ச்சல்தான், இல்லையா?" என்று கொற்றனைக் கேட்டாள். அவன் ஆமென்று தலையசைத்தான். அன்றுதான் முதல் பிள்ளைக்காக அவள் வாய்விட்டு அழுதாள். அதுவரை அவள் அழுததெல்லாம் தன் குற்றத்துக்காக.

குடத்தை அவர்கள் உடைக்கவில்லை. மறு ஆண்டு தையில் கூகைகள் திரும்பி வந்தன. அந்தியில் அது அலறியபோது பேராச்சிக்கு முன்போலவே அச்சம் எழுந்தது. அந்த அச்சத்தோடேயே கதவைத் திறந்து, "இருக்கிறோம், இருக்கிறோம்" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து தும்பையும் "இருக்கிறோம்" என்று கூவினாள்.

அன்று முதல் அந்தத் தெருவில், தீ வைக்குமுன் மூத்தவர் சூளை வழியில் தலையை நுழைத்து, "உள்ளே யார்?" என்று மூன்று முறை கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பது வழக்கமாயிற்று.

பிள்ளைகளின் வாயை அச்சத்தால் பூட்டி வைக்காதீர்கள், ஏனெனில் ஆபத்து வரும் நாளில் அவர்கள் அந்த வாயால்தான் நம்மைக் கூப்பிட வேண்டும்.